ஓர் இணையத்தளத்துக்கு ஏன் இரண்டு பிரதிகள்?

ஒப்படை எழுதும் நாளில் விக்கிப்பீடியாவைத் திறக்காத மாணவி எமது கல்லூரியில் இருக்கமாட்டாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் படம் சேர்க்க, யார் எப்போது எதை மாற்றினார் என்பதைத் தளம் தானே குறித்து வைக்கும். அந்தத் தளத்தை இயக்கும் மென்பொருளுக்கு மீடியாவிக்கி என்று பெயர். அதை எவரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம். எமது நாட்டுத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சேமித்துத் தரும் நூலகம் இணையத்தளமும் இதில்தான் இயங்குகிறது. எமது தகவல் தொழினுட்பக் கழகமும் இதே மென்பொருளைக் கொண்டு இவ்வருடம் ஒரு விக்கியைத் தொடங்கியுள்ளது. பழைய கல்லூரிச் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து அதில் ஏற்றுகிறோம். ஒன்பதாந்தரம் முதல் உயர்தரம் வரை எல்லா வகுப்பு மாணவியரும் எழுதுகிறார்கள்.

இந்த விக்கி இரண்டு கணினிகளில் இருக்கிறது. ஒன்று வாடகைக்கு எடுத்த சேர்வர். உலகமே பார்ப்பது அதைத்தான். அதை 'லைவ்' என்கிறோம். மற்றது கணினி ஆய்வுகூடத்தின் மூலையில் உள்ள ஒரு பழைய இயந்திரம். அதற்குப் பெயர் 'டெவ்'. புதிய வசதிகளைச் செய்து பார்ப்பதற்கான பரிசோதனைக் கணினி அது. பெற்றோர் தினத்தன்று இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் உம்மா கேட்டார்: "இருக்கிற ஒன்றையே திருத்தினால் போதாதா மகள்? எதற்கு ரெண்டு?" நியாயமான கேள்வி. அன்று கூட்டத்துக்குள் அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கலியாண வீட்டில் புரியாணி ஆக்குபவரைக் கவனித்திருப்பீர்கள். உப்புப் போதுமா என்று பார்க்க, பெரிய சட்டியிலிருந்து ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுப்பார். கோப்பைக்குள் உப்புத் தூவிப் பார்ப்பார், எலுமிச்சை பிழிந்து பார்ப்பார். சரியான அளவு பிடிபட்டதும் என்ன செய்வார்? கோப்பையில் இருப்பதைத் திரும்பச் சட்டியில் கொட்டமாட்டார். எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்ற கணக்கை மட்டும் சட்டிக்குக் கொண்டு போவார். சட்டியிலிருந்து கோப்பைக்கு வருவது சோறு. கோப்பையிலிருந்து சட்டிக்குப் போவது செய்முறை. இணையத்தளத்திலும் இதேதான். லைவிலிருந்து டெவ்வுக்கு வருவது தரவு, அதாவது மக்கள் எழுதியவை. டெவ்விலிருந்து லைவுக்குப் போவது நிரல், அதாவது தளம் எப்படி இயங்கவேண்டும் என்ற கட்டளைகள். ஒரே பாதைபோலத் தெரிந்தாலும் போகும்போதும் வரும்போதும் சரக்கு வேறு.

திசை மாறினால் என்ன ஆகும்? சனிக்கிழமை காலை லைவைப் பிரதியெடுத்து டெவ்வில் வைக்கிறோம். ஞாயிறும் திங்களும் டெவ்வில் ஒரு புதிய தேடல் வசதியைச் செய்து பார்க்கிறோம். அதே நேரத்தில் பத்தாந்தரத் தங்கச்சி ஒருத்தி வீட்டிலிருந்து லைவில் ஒரு பழைய கவிதையைத் தட்டச்சு செய்து ஏற்றுகிறாள். செவ்வாய்க்கிழமை "புதிய வசதி ரெடி" என்று டெவ்வை முழுமையாகத் தூக்கி லைவின் மேல் வைத்தால், அந்தக் கவிதை போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. தளம் சனிக்கிழமை காலையில் இருந்தபடி அழகாகத் திறக்கும். கவிதை இருந்ததற்கான வரலாறுகூட இராது; வரலாறும் அதே தரவுத்தளத்துக்குள்தானே இருந்தது.

சரி, பிரதி எடுப்பது என்றால் எதை எடுப்பது? ஒரு கோப்பை நகலெடுத்து ஒட்டுவதுபோல இது ஒரே வேலை என்றுதான் நானும் எனது தோழியரும் முதலில் நினைத்திருந்தோம். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் எனது ராத்தா அதை நான்காகப் பிரித்துக் காட்டினார். முதலாவது மீடியாவிக்கி மென்பொருள். அது எல்லோருக்கும் பொது. இரண்டாவது தரவுத்தளம். பக்கங்களின் எழுத்து, ஒவ்வொரு திருத்தத்தின் வரலாறு, பயனர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அதில்தான் உள்ளன. மூன்றாவது படங்கள். இவை தரவுத்தளத்துக்குள் இல்லை, தனிக் கோப்புறையில் இருக்கின்றன. நான்காவது லோக்கல்செட்டிங்ஸ் என்ற ஒரு சின்னக் கோப்பு. தளத்தின் முகவரி என்ன, தரவுத்தளத்தின் கடவுச்சொல் என்ன, மின்னஞ்சல் அனுப்பலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தக் கோப்பில் எழுதியிருக்கும்.

முதல் மூன்றையும் பிரதியெடுக்கலாம். நான்காவதை அப்படியே பிரதியெடுக்கவே கூடாது. லைவின் அமைப்புக் கோப்பு டெவ்வுக்கு வந்தால், டெவ் தன்னை லைவ் என்றே நினைத்துக்கொள்ளும். அதில் இருக்கும் ஓர் இணைப்பை அழுத்தினால், சொல்லாமல் கொள்ளாமல் உண்மையான தளத்துக்குத் தாவும். பரிசோதனைப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் உண்மையான பக்கத்தை அழித்துவிடலாம். அதைவிட மோசம், டெவ்வின் மென்பொருள் லைவின் தரவுத்தளத்தையே திறந்து எழுதத் தொடங்கலாம்.

பிரதியெடுக்கும் ஒழுங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தரவுத்தளத்தை முதலில் எடுத்து, படங்களைப் பிறகு எடுத்தால், இடையில் யாராவது ஒரு படம் ஏற்றியிருந்தால் டெவ்வில் ஒரு படம் கூடுதலாக இருக்கும். அதனால் கெடுதி இல்லை. மாறிச் செய்தால், பக்கம் ஒரு படத்தைக் கேட்கும், படம் இராது. இரண்டும் வேண்டாமென்றால் பிரதியெடுக்கும் நேரத்துக்கு மட்டும் விக்கியை 'வாசிக்க மட்டும்' என்ற நிலையில் பூட்டி வைக்கலாம். மீடியாவிக்கியில் அதற்கு ஒரு வரி போதும்.

தமிழ் போன்ற எழுத்துகளுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. இது எமக்கும் வரும் தலையிடி என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூரிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். 'பாத்திமா' என்ற பெயர் எமது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறிகள்: ப, கால், த, புள்ளி, மீண்டும் த, இகர விசிறி, ம, கால். ஆக 24 பைட். பிரதியெடுக்கும்போது ஒரு பக்கம் யூரிஎப்-8 என்றும் மறுபக்கம் பழைய ஐரோப்பிய எழுத்துமுறை என்றும் எண்ணிக்கொண்டால், அந்த 24 பைட்டும் 24 தனி எழுத்துகளாகப் பிரிந்துவிடும். எல்லாத் தமிழ்க் குறிகளும் ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ' மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு காடுபோலப் பக்கம் காட்சி தரும். இது பரவாயில்லை, பைட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, திருப்பி எடுக்கலாம். ஆனால் தமிழெழுத்தே இல்லாத முறைக்கு மாற்ற முயன்று, ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிச் சேமிக்கப்பட்டுவிட்டால், அது போனதுதான். எந்த எழுத்திலிருந்து அந்தக் கேள்விக்குறி வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆங்கிலத் தளம் நடத்துபவர்களுக்கு இந்தப் பயமே இல்லை, பொறாமையாக இருக்கிறது!

பெற்றோர் கவனிக்கவேண்டிய பகுதி இனித்தான் வருகிறது.

பிரதியெடுத்த தரவுத்தளத்துக்குள் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். விக்கியின் தரவுத்தளத்தில் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்காது, கலைத்து உருமாற்றியே வைக்கப்பட்டிருக்கும். ஆனால் மின்னஞ்சல் முகவரி பச்சையாகக் கிடக்கும். ஒரு பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் போட்டு வைத்த பயனருக்கு, அந்தப் பக்கம் மாறும்போது மின்னஞ்சல் போவதும் உண்டு. டெவ்வில் நாம் சும்மா "அஅஅஅ" என்று தட்டிப் பார்த்தாலும், எங்கோ இருக்கும் ஒருவருக்குக் கடிதம் போய்ச் சேரலாம்.

விக்கியில் இது சின்னத் தொந்தரவு. வேறிடத்தில் இது பெரிய பயமாகிவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் எனது தோழி ஒருத்தி ஒரு தனியார் வகுப்புக்குப் போகிறாள். அந்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். வரவைப் பதிவு செய்து பெற்றோருக்குக் குறுந்தகவல் அனுப்பும் ஒரு மென்பொருள் அங்கே இருக்கிறது. ஒரு நாள் இரவு ஒன்பதரைக்குக் கட்டாரில் வேலை செய்யும் அவளது வாப்பாவுக்கு ஒரு தகவல் போனது: மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை. அவர் பதறி உம்மாவுக்கு எடுத்தார். உம்மா அழுதுகொண்டு விடுதிக்கு எடுத்தார். விடுதிப் பொறுப்பாளர் ஓடிவந்து பார்த்தபோது அவள் கட்டிலில் இருந்து இரசாயனவியல் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மறுநாள்தான் விடயம் தெரிந்தது. மென்பொருளின் புதிய பதிப்பைப் பரிசோதிக்க யாரோ மாணவர் பட்டியலை உண்மையான தொலைபேசி இலக்கங்களோடு பிரதியெடுத்திருக்கிறார். அந்தப் பிரதியில் அன்றைய வரவு எவருக்குமே பதியப்படவில்லை. ஆகவே எல்லோரும் வராதவர்கள் என்று முடிவெடுத்து, எல்லா வீடுகளுக்கும் தகவல் அனுப்பிவிட்டது மென்பொருள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தோழியின் வாப்பாவுக்கு அன்று நித்திரையே இல்லையாம்.

இதைத் தடுக்க இலகுவான வழிகள் உண்டு. பிரதி எடுத்த கையோடு, எவரும் அதைத் திறக்குமுன், எல்லா முகவரிகளையும் பொய்யானவையாக மாற்றிவிடவேண்டும். எதையாவது நினைத்த மாதிரிப் போட்டால் அது யாருடையதோ உண்மையான முகவரியாக இருந்துவிடலாம். அதற்கென்றே 'எக்ஸாம்பிள் டொட் கொம்' போன்ற பெயர்களை, எவருக்கும் சொந்தமாகாதபடி 1999ஆம் ஆண்டிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து, டெவ்வில் மின்னஞ்சல் வசதியையே நிறுத்திவிடவேண்டும். மீடியாவிக்கியில் இதற்கும் ஒரு வரிதான். இரண்டையும் செய்யவேண்டும். ஒன்றை மறந்தாலும் மற்றது காப்பாற்றும். விக்கிப்பீடியா தன் பக்கங்களின் முழுப் பிரதியை எவரும் இறக்கி எடுக்கலாம் என்று பகிரங்கமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதில் பயனர்களின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இராது.

இது மரியாதை சார்ந்த விடயம் மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்கென்று பெற்ற தகவலை அந்த நோக்கத்துக்கே பாவிக்கவேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சிறுவர் பற்றிய தகவல்களை அது விசேட வகையில் சேர்த்திருக்கிறது. வகுப்புக்குச் சேரும்போது எழுதிக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் ஓர் அமானிதம்; மென்பொருள் செய்பவர் விளையாடிப் பார்ப்பதற்காக எந்த உம்மாவும் அதைக் கொடுப்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கும்போது, "பரிசோதனை செய்யும் கணினியிலும் எங்கள் இலக்கம் இருக்குமா?" என்று கேட்பதில் தவறில்லை. பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார்களானால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி, நான் மேலே சொன்ன விதியை முழு உலகமும் பார்க்க மீறவேண்டிவந்த ஒரு கதை. கிட்லாப் என்பது மென்பொருள் எழுதுபவர்கள் கூடி வேலை செய்யும் ஒரு பெரிய இணையத்தளம். 2017 ஜனவரி 31ஆம் திகதி, கிறீன்விச் நேரப்படி பின்னேரம் ஐந்தரை மணிக்குச் சற்று முன், அங்குள்ள ஒரு பொறியியலாளர் லைவ் தரவுத்தளத்தின் ஒரு பிரதியை எடுத்துப் பரிசோதனைச் சேர்வரில் வைத்தார். நாளுக்கு ஒருமுறை தானாக எடுபடும் பிரதி பழையதாக இருந்ததால், புதுத் தரவோடு ஒரு பரிசோதனை செய்வதற்காகத் தன் கையால் எடுத்த பிரதி அது.

இரவானதும் தளத்தில் வேறொரு சிக்கல். லைவில் இரண்டு தரவுத்தளச் சேர்வர்கள் இருந்தன: எழுதுவதெல்லாம் முதலாவதில், அதைப் பார்த்து எழுதிக்கொண்டே வருவது இரண்டாவது. அன்று சுமை கூடி இரண்டாவது பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்காக அழிக்கும் கட்டளை கொடுக்கப்பட்டது. கட்டளை ஓடியதோ முதலாவதில். ஓரிரு விநாடிகளில் கவனித்து நிறுத்தினார்கள். அதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட்தான்.

காப்புப் பிரதி இருக்குமே என்று தேடினார்கள். நாளாந்தக் காப்பு வேலை, பொருந்தாத பதிப்பு மென்பொருளால் ஓடி ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதை அறிவித்த மின்னஞ்சல்களையும் பெறுநர் பக்கம் ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. சேர்வர் வாடகை நிறுவனம் தரும் வட்டுப் பிரதி வசதியைத் தரவுத்தளச் சேர்வர்களுக்கு இயக்கியிருக்கவில்லை. கடைசியில் கையில் இருந்த மிகப் புதியது, ஆறு மணித்தியாலத்துக்கு முன் பரிசோதனைக்காக எடுத்து வைத்த அந்தப் பிரதி மட்டுமே. கோப்பையில் இருப்பதைச் சட்டியில் கொட்டத்தான் வேண்டியிருந்தது. சட்டியில்தான் ஒன்றும் இல்லையே.

பரிசோதனைச் சேர்வர் மெதுவானது. ஆகவே பிரதியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துத் தளத்தைத் திறக்க அடுத்த நாள் மாலையாகிவிட்டது. அந்த வேலையை அவர்கள் யூடியூப்பில் நேரடியாக ஒளிபரப்பினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம். இடைப்பட்ட ஆறு மணித்தியாலத்தில் மக்கள் எழுதியவை திரும்பவில்லை. அவர்களது மதிப்பீட்டின்படி சுமார் 5,000 செயற்றிட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. நல்ல வேளையாக, மக்கள் எழுதி வைத்த நிரல்கள் வேறிடத்தில் இருந்தமையால் அழியவில்லை.

இதற்குள் இன்னொரு விடயம் ஒளிந்திருக்கிறது. வெளித் தளங்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் இணைப்புகளைப் பயனர்கள் கிட்லாப்பில் அமைத்து வைப்பார்கள். பரிசோதனைப் பிரதியிலிருந்து வெளியே எதுவும் போய்விடக்கூடாது என்று, பிரதியெடுக்கும்போதே அவற்றை அழித்துவிடுவது அங்கு வழக்கம். நான் மேலே இலக்கங்களை மாற்றச் சொன்னேனே, அதே முன்னெச்சரிக்கைதான். இப்போது அந்தச் சுத்தம் செய்த பிரதியே லைவாகும் நிலை வந்ததும், அந்த இணைப்புகள் அதில் இல்லை! அவற்றைத் தனியாக எடுத்துக் கடைசியில் சேர்க்கவேண்டியிருந்தது. இதை வாசித்ததும் "அப்படியானால் சுத்தம் செய்யாமலே விடலாமே" என்று எனது தோழி ஒருத்தி சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசோதனைப் பிரதி வேறு, காப்புப் பிரதி வேறு. ஒன்று சுத்தமாக இருக்கவேண்டும், மற்றது முழுமையாக இருக்கவேண்டும். ஒரே பிரதியை இரண்டுக்கும் நம்பியிருக்க முடியாது.

தளத்தைத் திறக்குமுன் தரவுத்தளத்தின் வரிசை எண்களையெல்லாம் 100,000 ஆல் கூட்டிவிட்டார்கள். தொலைந்த ஆறு மணித்தியாலத்தில் வழங்கிய எண்கள் எங்காவது ஒரு மின்னஞ்சலில் எழுதப்பட்டிருக்கலாம். அதே எண் புதிதாக இன்னொன்றுக்குப் போனால் குழப்பம் வரும். அந்த அவசரத்திலும் இதை யோசித்திருக்கிறார்கள்! பிறகு வெளியிட்ட அறிக்கையில் அந்த ஊழியரின் பெயரைச் சொல்லவில்லை, 'குழு உறுப்பினர் 1' என்று மட்டுமே எழுதினார்கள். கட்டளை தட்டும் திரையில் லைவுக்குச் சிவப்பு, பரிசோதனைக்கு மஞ்சள் என்று நிறம் கொடுப்பதும் அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று.

அந்த நிறங்களை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எமது டெவ் விக்கியின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மஞ்சள் பட்டியொன்றில், "இது பரிசோதனைப் பிரதி. இங்கே எழுதுவது சனிக்கிழமை அழிந்துவிடும்" என்று இருக்கும். சனிக்கிழமை காலை லைவைப் பூட்டி, இரண்டு பிரதிகள் எடுக்கிறோம். ஒன்று முகவரிகள் மாற்றப்பட்டு டெவ்வுக்குப் போகிறது. மற்றது முழுமையாக ஒரு வெளி வட்டில் ஏறி, ஆசிரியையின் அலுமாரிக்குள் பூட்டப்படுகிறது. சென்ற தவணை விடுமுறைக்கு முன்னர் அந்த வட்டை எடுத்து, வெறுமையான வேறொரு கணினியில் விக்கியை முதலிலிருந்து எழுப்பிப் பார்த்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் பக்கங்கள் திறந்தன. எழுத்துகளும் தமிழாகவே வந்தன.